ரசீது

ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி
ஐந்து ஐம்பத்தைந்துக்கு வந்துவிடுவார் ஓரின் ஷாட்ஸ்.
மைனாட்டுக்கு மேற்கே, இரண்டாம் நெடுஞ்சாலையில்,
எங்கள் பெட்ரோல் நிலையம்தான்
கோர்ட் குறித்துக்கொடுத்த இடம்.
கேமரா உண்டு. விளக்கு உண்டு.
அப்பா வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும்
முப்பத்தொரு மைல்.

நாலாம் பம்புக்கு அப்பால் பிக்கப்பை நிறுத்துவார்.
இன்ஜினை அணைக்கமாட்டார்,
ஏறும்போது பிள்ளைக்குக் குளிரக்கூடாது.
பின்னால் பூப்போட்ட குழந்தை இருக்கை.
பிரிட்டாவுக்கு ஒன்பது வயது.
அதில் அவள் இனி அடங்கமாட்டாள்
என்று நான் சொல்லியிருக்கலாம்.

ஆறு.
ஆறே கால்.
எண்ணெய்க் கிணற்று ஆட்கள் சேறும் பூட்ஸுமாக வந்து
ஹாட் டாக் வாங்கிப் போகிறார்கள்.
ஆறரைக்கு அவர் உள்ளே வருவார்.
சாக்லேட் பால், சின்ன அட்டைப்பெட்டி.
காலாவதித் தேதியைத் திருப்பிப் பார்ப்பார்,
அடுத்த முறை வரைக்கும் தாங்குமா என்று.
“ரசீது வேணும்.”
இந்தப் பக்கத்தில் யாரும் ரசீது கேட்பதில்லை.
தேதியும் மணியும் தெளிவாக விழுந்திருக்கிறதா பார்த்து
நாலாய் மடித்து
பர்ஸில் பணம் வைக்கும் அறையில் வைப்பார்.
அங்கே பணம் இருந்து நான் பார்த்ததில்லை.
சம்பளம் கைக்கு வருமுன்பே
பிஸ்மார்க்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.
“அதுல எனக்கு வருத்தமில்ல,” என்றார் ஒருநாள்,
“ஷூ வாங்கியிருப்பா.
என்ன சைஸுன்னுதான் தெரியல.”

ஏழு பத்துக்குக் கிளம்புவார்.
பாலைக் கவுண்டரில் வைத்துவிட்டு:
“லேட்டா வந்தாங்கன்னா குடுங்க.”

நான் அதை என் வெஸ்லிக்கு எடுத்துப் போகிறேன்.
பதினேழு வெள்ளியாக.

நவம்பரில் ஒரு தாள் கொண்டுவந்தார்.
வக்கீல் வைக்க வசதியில்லை,
அவரே தட்டச்சு செய்தது, எழுத்துப்பிழைகளோடு.
“நீங்க பாத்ததை எழுதினாப் போதும்.”

நான் பார்த்தது:
செப்டம்பரில் ஒருமுறை அவள் வந்தாள்.
சாலைக்கு அந்தப்பக்கம், தானியக் கிடங்கின் நிழலில்,
விளக்கணைத்து நின்றது கார்.
பின்கண்ணாடியில் சிறிய கை ஒன்று
ஆவி படிந்த இடத்தில் எதையோ வரைந்தது.
அவர் அப்போது ரசீதைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கார் திரும்பிப் போய்விட்டது.

அந்தத் திருப்பம் எனக்குத் தெரியும்.
ஸ்டீயரிங்கை எந்தக் கையால் பிடிக்கவேண்டும்,
பின்சீட்டிலிருந்து கேள்வி வருமுன்
ரேடியோவை எவ்வளவு கூட்டவேண்டும் எல்லாம்.
கர்ட் பதினொரு மாதமாகப் பணம் அனுப்பவில்லை.
பணம் இல்லை, பையன் இல்லை என்றேன்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு,
“பணம் ஒரு கணக்கும்மா, பிள்ளை ஒரு கணக்கு.
ஒண்ணுக்கு ஒண்ணை ஈடு பிடிக்கக்கூடாது” என்றார்.
அவர் வீட்டில் இரண்டு கணக்குக்கும்
தனித்தனியாக ஃபிரிட்ஜ் இருக்குமோ என்னவோ.
என் வீட்டில் ஒன்றுதான்.
அதுவும் இரவில் முனகுகிறது.

தாளை வாங்கி எழுதினேன்:
ஐந்து ஐம்பத்தைந்து முதல் ஏழு பத்து வரை.
ஒவ்வொரு முறையும்.
அவர் இருந்தார். சிறுமி வரவில்லை.
காரை எழுதவில்லை.
யாருக்காக விட்டேன் என்று கேட்டால்
அவளுக்காக என்பேன், அது முழுப்பொய்யும் இல்லை.
கையெழுத்தின் கடைசி எழுத்து
என் பழைய பெயரின் வாலோடு போய்விட்டது,
கர்ட்டின் பெயரோடு. அடித்து மறுபடி போட்டேன்.
ஓரின் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தார்.
நன்றி சொல்லிவிட்டு
அதற்கும் ஒரு ரசீது கேட்பவர்போலக் கொஞ்சம் நின்றார்.

வீட்டில் வெஸ்லி விழித்திருந்தான்.
பாலை நீட்டினேன்.
“இதை யாரும்மா வாங்கித் தர்றா?”
“ஒரு அப்பா.”
ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமலே,
“யாரோட?” என்றான்.

பெட்டியின் அடியில் ஒன்றுமில்லை.
அவன் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.